பத்தரை மணி நேர ஒத்திகை

செஞ்சி
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மலையனூர் அம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் மறித்துப் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டு ஆலியா இதைப் படம் எடுத்து அனுப்புவாள், முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

திண்டிவனம் போறதுக்குள்ள வாந்தி எடுக்கற நீ ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு எப்பிடிம்மா வருவ, ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பிரசவத்துக்கு இங்கியே ஒரு ஆள வெச்சுக்கறேன் என்று நீ சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் நைனாதான் போனில் விமான நேரத்தைப் பார்த்து, மெட்ராஸ்ல ராத்திரி ரெண்டுக்கு எடுத்தா காலைல எட்டுக்கு எறக்கிடறான், ஆறே மணி நேரம் என்று தைரியம் சொன்னார். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர் இல்லையா, இறங்கும் நேரத்தில் ஏறும் நேரத்தைக் கழித்தால் அவருக்குக் கணக்கு முடிந்தது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தார். திரும்பி வர மட்டும் ஏன் பதினாலு மணி நேரம் காட்டுகிறது என்று கேட்டேன், எதிர்க்காத்து என்றார். அப்புறம் ஆலியாதான் சிரித்துச் சிரித்து விளக்கினாள், உங்கள் ஊர்க் கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் ஓடுகிறதாம், அதையும் சேர்த்தால் பத்தரை மணி நேரமாம். உன் நைனாவுக்கு முகம் தொங்கிப்போனது. உட்டுடு ஆண்டாளு, உன்னால ஆவாது என்றார். எனக்கு வந்ததே கோபம், பத்தரை மணி நேரம் குந்திக் காட்டினால் அழைத்துப் போவீர்களா என்று கேட்டுவிட்டேன்.

போக ஐந்தேகால் மணி நேரம், வர ஐந்தேகால் மணி நேரம், கணக்கு சரியாக வரும் என்று நேற்று விடிந்ததும் இரண்டு பேரும் பெங்களூர் பஸ்ஸில் ஏறினோம். கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை. போய் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினோம். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, எனக்கு ஒன்றுமே இல்லையடி. உன் நைனாவுக்குத்தான் கிருஷ்ணகிரியில் தலை சுற்றியது. காலமெல்லாம் பஸ்ஸில் நின்றே பழகிய மனுஷன், சீட்டில் உட்கார்ந்து வந்தால் தாங்கவில்லை. பழமும் பையும் அவருக்கே சரியாகப் போயிற்று. இருட்டும் நேரத்தில் கோட்டை மலை கண்ணில் பட்டபோது, அந்தக் கோட்டையையே நான்தான் பிடித்தேன் என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்று அவர் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பாய். நீ பிறந்தபோது என் அம்மா பனமலையில் இருந்தாள். மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போய் பஸ் ஓடவில்லை, அவளால் வர முடியவில்லை. இதோ இருக்கிற பனமலை. வலியோடு நான் ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அதனால் அந்த ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடு. மார்கழியில் வருகிற மாதிரி மாப்பிள்ளையை டிக்கெட் போடச் சொல். எனக்கு ஜன்னலோரம், உன் நைனாவுக்கு நடைவழி ஓரம், அவர் நின்றுகொண்டே வந்தாலும் வருவார். பிரசவ லேகியத்தை விமானத்தில் விடுவார்களா என்று மறக்காமல் கேட்டுச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். தாயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வலி எடுக்கும்போது நீ வாசலைப் பார்க்க வேண்டாம், உன் பக்கத்தில் நான் இருப்பேன்.

இப்படிக்கு
உன் அம்மா ஆண்டாள்