எங்க கீற?

மாமு,

இன்று காலை சுகாதார நிலையத்தில் எனக்கும் பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். நர்ஸ் அம்மா அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். "தாத்தா, இது காலையில. போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வரும். அதுக்குப் பயந்துகினு நிறுத்திடாதீங்க" என்றாள். வெள்ளையாக, நடுவில் ஒரு கோடு. உன் டிரெய்லரில் மாதா படத்துக்குப் பின்னால் சொருகிக் கிடக்குமே, அதே மாத்திரை. நீ போடாமல் வைத்திருந்த மாத்திரை.

"கோவமும் படக் கூடாது" என்றாள்.

"அத்த மட்டும் கேக்காதம்மா" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

இந்த மடலை நானேதான் எழுதுகிறேன். நம்ப மாட்டாய். பஸ் நம்பரைக்கூட உன்னைக் கேட்டு ஏறியவன், இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். கண்டக்டர்கள் முறைக்கிறார்கள். எழுதுவது மெதுவாகத்தான் வருகிறது. 'ழ' போடும்போது நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. ஆனால் நான் எழுதக் கற்றது ஊர்ப் பெயர் படிக்க இல்லை. ஒருவனைப் பழிவாங்கத்தான். அந்தக் கதையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

எண்ணூர் ரோட்டில் நாம் நின்ற லைனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுத்தில் எப்படி வருகிறது என்று பார்க்கிறேன். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் ஹார்பர் கேட்டிலிருந்து திருவொற்றியூர் தாண்டி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முன் வண்டி ஒரு முழம் நகர்ந்தால் நாமும் ஒரு முழம் நகர வேண்டும். கொஞ்சம் இடம் விட்டால் பக்கத்திலிருந்து ஒருவன் மூக்கை நுழைத்துவிடுவான். அவனுக்குப் பின்னால் இன்னும் பலர். பிறகு நாம் வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

முன்பு வண்டிக்கு ஒரு கிளீனர் இருந்தான். நாம் இறங்கினால் அவன் உட்கார்ந்து நகர்த்துவான். நான் பழிவாங்கிய அந்த சூப்பர்வைசர் வந்ததும் கிளீனர்களை நிறுத்தினான். "ஒரு வண்டிக்கு எதுக்குடா ரெண்டு வாய்?" என்றான். அதற்குப் பிறகுதான் நமக்கெல்லாம் அந்த வழக்கம் வந்தது. லைன் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. பிரஷர் இருக்கிறவன் மாத்திரை போடுவதில்லை. போட்டால் இறங்க வேண்டும், இறங்கினால் லைன் போய்விடும். "கேட்டுக்குள்ள பூந்த அப்பால போட்டுக்கலாம் மாமு" என்பாய். கேட்டுக்குள் நுழையும்போது மறுநாள் ஆகியிருக்கும்.

இதற்கு நடுவில் போன். சூப்பர்வைசர் சும்மா சும்மா அடிப்பான். எடுத்தால் ஒரே கேள்விதான். "எங்க கீற?"

ஆரம்பத்தில் நீ அவனை வைத்து விளையாடினாய். "சிங்கப்பூர் தாண்டிப் போய்கினு கீறேன் சார், மலேசியாவுல டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று நீ சொன்னது என் வண்டிவரை கேட்கும். பிறகு அந்த விளையாட்டு நின்றுபோனது. எடுத்து "சார், சார்" என்று மட்டும் சொன்னாய். போன் அடிக்காதபோதும் உன் கை சட்டைப் பைக்குப் போனது. டீக்கடையில் யாராவது கிளாசைத் தட்டினால் திடுக்கிட்டுத் திரும்பினாய். பின்மண்டை வலிக்கிறது என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டினாய். கால் வீங்கி, செருப்பை மிதித்துக்கொண்டு நடந்தாய். நீ தூக்கத்தில் "நகருது, நகருது" என்று கத்திக்கொண்டு கிளட்ச் என்று நினைத்து அவள் காலை மிதிப்பதாக ஃபிலோமினா என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். உன் மனைவிக்கு அப்போதெல்லாம் எதற்கும் சிரிப்பு வரும்.

நீ சும்மா இருந்துவிடவில்லை. வண்டி நிறுத்தும் யார்டில் எல்லோரும் பார்க்கக் கேட்டாய். "சார், லைன் நாள்ல மட்டும் ஒரு கிளீனர் குடுங்க. மாத்திரை போட்டா ஒண்ணுக்கு வருது. டாக்டரு ஒரு நாளும் வுடாம போடச் சொல்லிகிறாரு."

அவன் கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டான். "கேட்டுக்கங்கடா! தொரைக்கு ஒண்ணுக்குப் போவ அசிஸ்டென்ட் வோணுமாம்!"

யார்டு சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் உன்னைப் போலவே மாத்திரையை ஒளித்துவைத்துக்கொண்டு ஓட்டியவர்கள். அடுத்த வாரமும் நீ போய்க் கேட்டாய். அதற்கடுத்த வாரமும். அவன் ஒவ்வொரு தடவையும் சிரித்தான்.

அந்த நாள் நல்ல வெயில். உன் வண்டிக்குப் பின்னால் என் வண்டி. லைன் நகர்ந்தது, நீ நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை விடாமல் அழுத்தினார்கள். பக்கத்தில் நின்ற வண்டிகள் உன்னைச் சுற்றிக்கொண்டு போய் முன்னால் நுழைந்தன. "மாமியார் வூட்ல தூங்கறான் பாரு" என்று ஒருவன் உன் கதவைத் தட்டிவிட்டுப் போனான். நான் இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தேன். நீ ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தாய். கை சூடாகவே இருந்தது. மூச்சு இல்லை. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

"எங்கடா கீற? லைன் நகருதாம், தூங்கினு கீறியா சோமாரி?"

"சார், நான் பின் வண்டி. அவரு செத்துட்டாரு சார்."

அதற்கு அவன் கேட்டது இதுதான்.

"வண்டி லைன்லதான கீது?"

மாமு, அந்த ஒரு கேள்விக்காக நான் அவனை அன்றே வெட்டியிருப்பேன். உன்னைத் தூக்கி இறக்க வேண்டியிருந்ததால் விட்டேன்.

ராயபுரத்துக்கு, உன் சாவு வீட்டுக்கு, மாலையோடு வந்தான். ஃபிலோமினாவின் எதிரில் நின்று, "இன்னாம்மா, மாத்திரைய ஒழுங்காப் போட வெச்சிருக்கக் கூடாதா? பொம்பளை நீதான பார்த்துக் குடுக்கணும்?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போனால், புருஷனைக் கவனிக்காத பாவி என்று தன்னைத்தானே சொல்லி அழுதாள். நீ கேட்டதை, அவன் சிரித்ததை, எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்ற ண்ணா" என்பாள். "மெய்யாலுமே அவரு கேட்டிருந்தா, அந்தாளு வாயால சொல்லட்டும்."

அவன் அறைக்குப் போனேன். வந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்றேன். "கையெழுத்துப் போடத் தெரியாதவன்லாம் நியாயம் பேச வந்துட்டான்" என்று வாட்ச்மேனை விட்டு வெளியே தள்ளினான்.

அவனும் ஓய்வுபெற்றான், நானும் வண்டியை விட்டேன். அவன் சொன்ன அந்தச் சொல் மட்டும் என்னை விடவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் கூட்ட வந்தபோது டீச்சர், "உங்களுக்குப் பிடிச்ச ஒரு வரி எழுதுங்க" என்றாள். எல்லோரும் பேரன் பேத்தி பெயரை எழுதினார்கள். நான் 'எங்க கீற?' என்று எழுதினேன்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாருக்கு தாத்தா இது? ஆயாவுக்கா?"

"எங்க வூட்டு ஆயா செத்துப் பூட்டாம்மா. இது ஒரு ஆம்பளைக்கு" என்றேன். வகுப்பே உருண்டு சிரித்தது.

போஸ்டாபீசில் கார்டு வாங்கினேன். அவன் வீடு எனக்குத் தெரியும், திருவொற்றியூரில் தேரடிக்குப் பக்கம். அவன் புது வீட்டுக்குப் போனபோது கட்டில் பீரோவெல்லாம் நம்மை வைத்துத்தானே இறக்கினான். கார்டில் ஒரே வரி எழுதினேன். 'எங்க கீற?' போட்டுவிட்டு வந்தேன். அன்று நான் சாப்பிட்ட சோறு இனித்தது. மறுநாளும் ஒன்று எழுதினேன். அதற்கு மறுநாளும். எழுத்து திருந்தத் திருந்த வரிகளும் பெருகின. 'லைன் நகருதா?' 'தண்ணி குடிச்சியா?' 'ஒண்ணுக்குப் போனியா?' அவன் தெருத் தபால்காரர் ஒவ்வொன்றையும் வாசலில் நின்று உரக்கப் படித்துவிட்டுத்தான் கொடுப்பாராம். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத இன்னும் எழுத்து பழகவில்லை மாமு.

ஒரு தப்பு செய்தேன். மடல் என்றால் அனுப்புநர் முகவரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒவ்வொரு கார்டிலும் என் பெயரும் வீட்டு எண்ணும் தெருவும் முத்து முத்தாக எழுதியிருந்தேன். ஆகவே ஒரு நாள் அவன் நேரே என் வாசலில் வந்து நின்றான். கையில் கார்டுக் கட்டு. ஆள் பாதியாக இளைத்திருந்தான். முகம் மட்டும் ஊதியிருந்தது.

"இன்னாடா வோணும் உனக்கு?"

"டா போட்ற வேலையெல்லாம் யார்டோட போச்சு" என்றேன். "நின்னுகினே பேசு."

"தூக்கம் இல்ல. தபால்காரன் சைக்கிள் மணி கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. மணி அடிக்காதப்பவும் கேக்குது. சோறு எறங்கல. எம் பொண்ணு டாக்டராண்ட இட்டுகினு போனா, பிரஷர் ஏறிக் கீதாம். நிறுத்திடுப்பா. உனக்குக் கோடி புண்ணியம்."

புண்ணியம் எனக்கு வேண்டாம். அவனை நன்றாகப் பார்த்தேன். அவன் கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. எனக்குப் பாவமாக இல்லை. இதை எழுத எனக்கு வெட்கமும் இல்லை. நீயாக இருந்தால் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பாய். நான் நீ இல்லை.

"வா, ஒருத்தராண்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆட்டோவில் ஏற்றி ராயபுரத்துக்குக் கூட்டிப்போனேன்.

ஃபிலோமினா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"உன் புருஷன் கேட்டான்மா" என்றான் அவன். "லைன் நாளுக்குக் கிளீனர் கேட்டான்."

"எதுக்குக் கேட்டான்னு சொல்லு" என்றேன்.

"மாத்திரை போட்டுக்க. ஒண்ணுக்கு எறங்கிப் போவ."

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று அவள் கேட்டாள்.

"சிரிச்சேன்."

"எத்தினி தபா கேட்டாரு?"

"வாரா வாரம்."

அவள் கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தாள். "அப்ப அவரு போடணும்னுதான் இருந்தாரு" என்றாள். எங்களிடம் சொல்லவில்லை. சுவரில் இருந்த உன் படத்திடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு இன்னொரு முறை சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. அவள் மேல் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதை என் கண்ணால் பார்த்தேன் மாமு.

அவன் என் பக்கம் திரும்பினான். "போதுமா? இனிமே கார்டு வராதுல்ல?"

"என்னாண்டேர்ந்து வராது" என்றேன். வாக்குக் கொடுத்தேன், அதைக் காப்பாற்றுகிறேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை ஃபிலோமினா மீதி நெத்திலியைக் கிள்ளினாள். பிறகு நெத்திலித் தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ண்ணா, அந்தக் கார்டு எங்க விக்குது?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அவள் கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாவதுவரை படித்தவள், உனக்குத் தெரியும். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. என்னைப் போல அனுப்புநர் என்று எதையும் எழுதி மாட்டிக்கொள்ளவும் மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, உட்கார்ந்து, மொத்தமாக எழுதி என்னிடம் கொடுக்கிறாள். தினம் ஒன்றாகப் போட வேண்டும் என்பது அவள் உத்தரவு. அவள் முழங்காலுக்குத் தபால் பெட்டிவரை நடக்க முடியாது. அதனால் தினமும் நான்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்டதில்லை. அது அவளுக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தே நடக்கிறேன். படிக்கத் தெரிந்த பிறகு படிக்காமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா மாமு?