என் பெயரில் போனவள்

செப்டம்பர் 9

பாஸ்போர்ட் வந்துவிட்டது. உள்ளே கொரிய விசா, ஒரு பக்கம் முழுக்க. அன்சானில் தையல் ஆலை வேலை, மூன்று வருஷத்துக்கு. டிராலி பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற பிழைப்பு இந்த மாதத்தோடு சரி. தங்கை உயங்கா என் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னை மாதிரியே இருக்கேக்கா" என்றாள். பாஸ்போர்ட்டை அம்மா வாங்கி, புத்தர் படத்துக்குக் கீழே இருக்கும் சிவப்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். விமானம் இருபத்தெட்டாம் தேதி.

செப்டம்பர் 13

உயங்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. கொரியாவில் அனுமதி இல்லாமல் தங்கியிருந்தவளை வசந்தத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்து வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக முடியாது. மகள் அனுஜின், மூன்று வயது, அங்கேயே அறைத்தோழியிடம் இருக்கிறாள். குழந்தை இருக்கிறது என்று சொன்னால் பறித்துக்கொள்வார்கள் என்று பயந்து போலீஸிடம் வாயே திறக்கவில்லையாம்.

"முதல் லீவுலயே போய் அனுவப் பாக்கறேன். எப்படியாவது கூட்டிட்டு வர வழி பண்றேன்" என்றேன். அவள் எழுந்து அடுப்புக்கு நிலக்கரி அள்ளப் போய்விட்டாள்.

செப்டம்பர் 18

உயங்கா முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்தாள். என் அளவுக்கு. நன்றாக இருக்கிறது என்று நானேதான் சொன்னேன்.

செப்டம்பர் 22

பக்கத்து ஊரான ஜூன்மோட்டில் மாமாவுக்கு உடம்பு முடியவில்லையாம். "போனா எப்ப வருவியோ, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடு" என்கிறாள் அம்மா. நாளை கிளம்புகிறேன்.

செப்டம்பர் 25

மாமா குதிரைமேல் உட்கார்ந்து எதிரே வந்தார். எந்த நோயும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் பெட்டி திறந்து கிடக்கிறது. பாஸ்போர்ட் இல்லை. உயங்கா இல்லை.

அம்மா பால்தேநீரைக் கரண்டியால் தூக்கித் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. "அவ நேத்தே போயிட்டாடி."

"எங்க?"

"புள்ளகிட்ட."

வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியில் பயணத்தை நான்கு நாள் முன்னதாக மாற்றி, ஃபோனில் சொல்லியிருக்கிறார்கள். ஃபோனை எடுத்தது அம்மா. என்னை அனுப்பியது அம்மா. பெட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்ததும் அம்மா.

"என்னோடதும்மா அது! நான் கொரிய மொழி படிச்சு, நான் பரீட்சை எழுதி, நான் வாங்கினது!"

"உனக்கென்ன, புள்ளையா குட்டியா? அடுத்த வருஷம் திரும்ப எழுதினாப் போச்சு."

எவ்வளவு சுலபமா சொல்லிட்டா. பெத்தவ.

அக்டோபர் 4

வேறு பாஸ்போர்ட் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தெல்கெர்மா ஊர்லயே இல்லயே. போன மாசமே வெளிநாடு போயாச்சு."

"நான்தாங்க தெல்கெர்மா."

"அப்போ போனது யாரு? பேரை எழுதிக் குடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

பேனாவையும் நீட்டினாள். எழுதினால் உயங்காவை அங்கே பிடித்து உள்ளே வைப்பார்கள். அனு மறுபடி யாரோ வீட்டு மூலையில் கிடப்பாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எதுக்கு யோசிக்கணும்? அவ யோசிச்சாளா?

அக்டோபர் 6

பழைய வேலைக்கே திரும்பினேன். டிரைவர் கான்போல்ட் எல்லார் முன்னாலும், "என்னக்கா, சியோலுக்கு நம்ம பஸ்லயே போயிடலாம்னு பாக்கறியா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நவம்பர் 17

உயங்கா ஃபோன் செய்தாள்.

"ஏன்டி என்கிட்ட கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

பிறகு அழுதாள். அனுவுக்கு முதலில் அவளை அடையாளமே தெரியவில்லையாம். "வெள்ளை மாசப் புத்தாண்டுப் பண்டிகைக்குள்ள புள்ளயத் தூக்கிட்டு வந்துடறேன்க்கா. சத்தியமா." நம்பினேன். வேறென்ன செய்ய?

டிசம்பர் 30

பனி. அம்மாவோடு பேச்சு இல்லை.

பிப்ரவரி 11

பண்டிகை முடிந்தது. நூற்றுக்கணக்கில் பூஸ், கறி வைத்த கொழுக்கட்டை, பிடித்து வைத்துக்கொண்டு அம்மா வாசலையே பார்த்திருந்தாள். வந்தது ஃபோன்தான்.

"ஆலையில நல்ல சம்பளம்க்கா. இப்ப விட்டா மறுபடி கிடைக்காது. பகல் பூரா புள்ளய யார் பாத்துப்பா? தெரிஞ்சவங்க ஊருக்கு வர்றாங்க, அவங்களோட அனுப்பறேன்."

புள்ளைக்காகத்தானே போனே? புள்ளைக்காகத்தானேடி!

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் இருந்த பூஸை ஒவ்வொன்றாகப் பாத்திரத்தில் திரும்பப் போட்டாள்.

பிப்ரவரி 27

விமான நிலையம். பெரிய கோட்டுக்குள் சின்ன முகம். தூதரகம் கொடுத்த பயணத்தாளை அதிகாரி விரித்துப் படித்தார்: தாய், தெல்கெர்மா. உயங்கா அங்கே நானாக இருக்கிறாள். வேறு எந்தப் பெயரைக் கொடுப்பாள்?

என் அடையாள அட்டையைப் பார்த்தார். "உங்க பொண்ணுதானே?"

இல்லை என்றால் குழந்தையை அரசாங்க விடுதிக்குக் கொண்டுபோவார்கள். ஆமாம் என்றால், என் பாஸ்போர்ட்டில் போனது வேறொருத்தி என்று இனி எந்த ஜன்னலில் போய்ச் சொல்வேன்? சொன்னால் இந்தத் தாளும் பொய்யாகிவிடுமே.

அனு என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜலதோஷம் போலிருக்கிறது, மூக்கு ஒழுகியது. துடைத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 14

பாலர் பள்ளியில் சேர்க்கப் போனோம். ஆசிரியை குனிந்து, "அம்மா பேரு என்ன கண்ணு?" என்று அவளிடமே கேட்டாள்.

"தெல்கெர்மா." தயங்கவே இல்லை. யார் கேட்டாலும் அப்படிச் சொல்லத்தான் அங்கே உயங்கா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஆசிரியை என் அட்டையைப் பார்த்துத் தலையாட்டினாள். "நல்லாப் பழக்கியிருக்கீங்க."

ஆமாம் என்றேன். இவளைப் பள்ளியில் கொண்டுவந்து விட, நாளையிலிருந்து காலை ஷிப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.