ஹீட்டரை அணைத்த அறை

ஃபார்கோ, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பா,

முதுகுவலி தேவலையா? அம்மா நலமா? நான் நன்றாக இருக்கிறேன்.

மாணவர்களுக்கான காந்த ஒத்ததிர்வுக் கருவியை நான்தான் பொருத்துகிறேன். செவ்வாய்க்கிழமை திரையில் வந்த சிக்னலைப் புதன்கிழமை காணவில்லை. காந்தத்தைக் கெடுத்துவிட்டேன், வேலை போய்விடும் என்று பயந்தேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இன்று ஆய்வகப் பொறுப்பாளர் ஹால்வர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, உனக்குக் குளிருதுன்னு காந்தத்துக்குப் பக்கத்துலயா ஹீட்டரை வெச்ச? அது சூடானா சிக்னல் திரையை விட்டு நகரத்தான் செய்யும். அணைச்சுட்டு ஆற விடு."

மாலையில் சிக்னல் திரும்பிவிட்டது. பயம்தான் போகவில்லை. திங்கட்கிழமை இருபது மாணவர்கள் முன்னால் இந்தக் கருவியை விளக்கி நான் பேச வேண்டும். நம் வீட்டில் யாரும் அப்படி நின்றதில்லையே, அப்பா.

இனி ஹீட்டர் கிடையாது. உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். அம்மாவைத் துவைக்க விடாதீர்கள்; உங்கள் வாசனை அதில் இருக்கட்டும்.

கட்டடத்தைப் பூட்டுகிறார்கள்; முடிக்கிறேன்.

மாரிட்