எந்த வாரேன்?

சிம்பாங் பூலாய், 12.8.1978

மூத்தவள், நான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததுமே பிறந்துவிட்டாள். இரண்டாவது இன்னும் சீக்கிரம் வரலாம் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி இன்று எச்சரித்தார். என் வீட்டுக்காரருக்கோ இரவு வேலை. அதனால் எதிர்வீட்டு டாக்சிக்கார அண்ணனிடம் சொல்லி வைத்தேன்.

"வலி வந்தா கூப்புடு தங்கச்சி, ஒடனே வாரேன் லா."

நிம்மதியாக இருந்தது. பிறகு அவர் காரைக் கிளப்பினார். "சரி, வாரேன்," என்று சொல்லிவிட்டு பீடோர் டவுனுக்குச் சவாரி போய்விட்டார். நம்மவர்கள் போவதற்கும் அதே சொல்தான். எனக்குக் கொடுத்தது எந்த வாரேன்?

படுக்கும்போது மகளிடம் கேட்டேன். "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனா, பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருப்பியா?"

"நானும் வாரேன்," என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று கேட்ட வாரேன்களில் இதை மட்டும்தான் நம்புகிறேன். தூங்கியும் பிடியை விடவில்லை.