ஆணியில் மாட்டிய தொப்பி

பதுளை, 1909

பினாங்கில் பிழைக்கும் அன்பு மகன் ஹாஷிமுக்கு உன் வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் உம்மாவும் மருமகள் ஹம்ஸியாவும் பேரன் ஜாபிரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், உன் சுகத்தையும் அவனிடமே கேட்கிறோம். நமுனுகுலப் பக்கம் அடைமழை பிடித்துத் தேயிலைத் தோட்டத்துச் சனம் கடைக்கு வருவது குறைவு, உம்மாவுக்கு முழங்கால் வலி, வேறு குறையில்லை.

பிள்ளைக்கு என்ன படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். சிலேட்டுப் பிடிக்கிற வயதா அது, இப்போதுதான் விழாமல் ஓடுகிறான். ஆனால் ஹம்ஸியா கெட்டிக்காரி, அடுப்படியையே பள்ளிக்கூடம் ஆக்கிவிட்டாள். கடையில் இருந்து கொத்து, அரைக்கொத்து, சுண்டு என்ற அளவுப் பாத்திரம் மூன்றையும் வாங்கி அவன் முன்னால் வைத்தாள், எது பெரிது எது சிறிது என்று தானே பார்த்து ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுகிறான், நான் அரிசி அளக்கக் கேட்டால் தரமாட்டேன் என்று அழுகை வேறு. பருப்பில் கல் பொறுக்கும்போது ஒரு கல்லைக் காட்டி இதுபோல் தேடு என்பாள், தேடி எடுக்கிறான், வாய்க்குக் கொண்டுபோனால் கையில் ஒரு தட்டு. பட்டையையும் ஏலத்தையும் மோந்து பார்த்தே பெயர் சொல்கிறான். சாமான் வாங்க வந்த கொழுந்தெடுக்கும் நல்லம்மா, மொதலாளி, இந்தப் புள்ள நாளைக்கே கடையைப் பாத்துக்கும் போல இருக்குங்க என்று சிரித்தாள். எனக்கும் பெருமைதான்.

ஒரு பாடத்தில் மட்டும் கோட்டை விட்டோம் மகன். நீ கப்பல் ஏறும்போது அவன் பிறந்து நாற்பது நாள்கூடக் கழியவில்லை. படம் பிடித்துச் சுவரில் மாட்டுவதை நான் வீட்டுக்குள் விடுவதில்லை, உனக்குத் தெரியும். அதனால் நீ விட்டுப்போன சிவப்புத் துருக்கித் தொப்பியை ஆணியில் மாட்டி, அதோ வாப்பா, வாப்பாவுக்கு ஸலாம் சொல்லு என்று தினமும் பழக்கினோம். அவனும் சொன்னான். போன வெள்ளிக்கிழமை வெலிமடையில் இருந்து உன் மாமா இத்ரூஸ் அதே மாதிரித் தொப்பி போட்டு ஜும்ஆவுக்கு வந்தவர் தொழுகை முடிந்து நம் வீட்டுக்கும் வந்தார், பிள்ளை ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு வாப்பா வாப்பா என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள், ஹம்ஸியா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றே தொப்பியை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். வெறும் ஆணியைப் பார்த்து, வாப்பா போயிட்டாரு என்று சொல்லிச் சோறு தின்னாமல் கிடந்தான். என்ன செய்வது, திரும்பவும் மாட்டிவிட்டேன்.

அங்கே முதலாளி இன்னும் ஒரு வருஷம் நிற்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நிற்காதே, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து சேர். கொத்தையும் சுண்டையும் நாங்கள் காட்டிப் படிப்பிப்போம், வாப்பா யார் என்பதற்கு உன்னை விட்டால் எதைக் காட்டுவது. உன் உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கை ஏந்துகிறாள், கடலிலும் கரையிலும் அல்லாஹ் உனக்குத் துணை நிற்பானாக.

ஒன்றை மறந்துவிடாதே. வெறுந்தலையோடு வாசலில் நிற்காதே என்று உன்னை எத்தனை தரம் ஏசியிருப்பேன். இந்த ஒரு முறை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசல் ஏறு. பிள்ளை உன் முகத்தைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு உன் வாப்பா,
மொஹிதீன்