திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்

இன்று கரையான்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது பக்கத்துக் கடையில் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். ஆஸ்பத்திரிப் படுக்கையில் நீ கேட்டுக்கொண்டே இருந்தது அதைத்தான். கொடுக்கக்கூடாது என்றார்கள்.

அம்பத்தூர் துணிக் கம்பெனியில் நாம் பக்கத்துப் பக்கத்து மிஷின். உன் வாய் ஓயவே ஓயாது. பஸ்ஸில் எவனாவது இடித்தால் நான் ஒதுங்கிக்கொள்வேன். நீயோ, "இன்னா அண்ணாத்தே, ஊட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி கேட்பாய்.

அந்தச் சனிக்கிழமை மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிஷின்மேலேயே சாய்ந்தாய். உன் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூரில். ஆட்டோ பிடித்து, பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்தது ஒரு சின்ன வயது டாக்டர். மாடி முழுக்கப் பார்க்க ஒரே நர்ஸ். ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். "ஸ்கேன் பாக்கற டாக்டரு திங்கக்கெழமதான் வருவாரு" என்றாள் நர்ஸ். அந்த வலியிலும் நீ, "ஏம்மா, வலிக்கு மட்டும் லீவு இல்லியா?" என்றாய். அவள் சிரித்துவிட்டாள். நானும்தான்.

ஞாயிறு காலை உன் வயிறு கல்லாகியிருந்தது. கைகால் சில்லிட்டுக்கொண்டே வந்தது. நர்ஸைத் தேடி ஓடினேன். வேறொருவருக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தாள். "வரேங்க்கா, நான் ஒருத்திதான் கீறேன்" என்றவளுக்கும் கண் கலங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். "பிரஷர் இறங்கிட்டே இருக்கும்மா. நகர்த்தினா வழியிலேயே ஏதாவது ஆயிடும். பெரிய டாக்டருக்குப் போன் போட்டுட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கறாரு" என்றார். யாரைத் திட்டுவது? இருந்தவர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். இல்லாதவர்களை எங்கே போய்ப் பிடிப்பது?

"என்ன உட்டுட்டுப் போவாதடி" என்றாய். போகவில்லை. உன் கையைப் பிடித்தபடி நின்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். வெயில் தாழும் முன்பே நீ போய்விட்டாய்.

வார நாளில் வலி வந்திருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியவில்லை. கேட்டால் யாரும் சொல்லவும் மாட்டார்கள். இப்போதெல்லாம் சனிக்கிழமை என் வீட்டில் யார் இருமினாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்கிறேன்.

மறுநாள், திங்கட்கிழமை காலை உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். உன் தலைமுடியை நான் அலசிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கேட்டறியாத ஒரு பெண் குரல், ஸ்கேன் பட்டியலைப் பார்த்துப் பேசியது. "ஸ்கேன் டாக்டர் வந்துட்டாரு மேடம். பேஷண்ட்ட வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க."

"சரிம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேனோ! நீ செத்துப்போய்விட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும்கூட வரவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்ன அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் நடமாடுகிறேன்.