ஆம்பூர் மூக்கு

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். பெங்களூர் பார்சல் வந்தது. இருபத்திரண்டு ஜாக்கெட். உள்ளே கம்பி ஓடும், பேட்டரி மாட்டினால் சூடாகும் ரகம். லடாக்கில் பைக் ஓட்டப் போகிறவர்களுக்கு ஒரு சீசன் முழுக்க வாடகைக்கு விட்டவை. ஒரு தடவைகூடத் துவைக்கவில்லை. என் கட்டிங் மாஸ்டர் ரஃபீக் பாய் பையைப் பிரித்தார், இரண்டு எட்டு பின்னால் போனார்.

"இன்னா மொதலாளி, உள்ள ஆளு எவனாவது இருக்கானா?"

பாக்கெட்டுகளில் கிடைத்தவை: பாதி சாக்லேட், ஒற்றை சாக்ஸ், இருமல் மாத்திரை, யாருடையதோ பல் துலக்கும் பிரஷ். குளிருக்குப் பயந்தவன் மலைக்கு ஏன் போகிறான்? போனவன் பனியன் மாற்றினால் என்ன?

இவற்றை அனுப்பிய பெங்களூர்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார். வாடை போயிருந்தால், சூடாகும் கையுறை முந்நூறு ஜோடி தைக்கும் ஆர்டர் எனக்கு. அது வந்தால் தீபாவளிக்குப் பிறகும் எட்டு தையல் மிஷினும் ஓடும். வராவிட்டால் எட்டு டெய்லரும் வீட்டில்.

அக்டோபர் 7, செவ்வாய்

மறக்காமல்: பேட்டரி கழற்று. பிளக் வாயை அடை. வெதுவெதுப்பான தண்ணீர், துளி ஷாம்பு, பஞ்சால் ஒற்று. முறுக்காதே. அக்குளுக்கு வினிகர், பாதி தண்ணீர். நிழலில் காயவை. காய்ந்ததும் ஆப்ப சோடா தூவி ஒரு ராத்திரி மூட்டை கட்டு. முழுக்கக் காயாமல் பேட்டரி மாட்டாதே.

எல்லாம் பாயிடம் சொன்னேன். 'இழுக்காதே' மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று யார் கண்டது? மத்தியானம் பார்த்தால், ஒரு ஜாக்கெட்டைப் பக்கத்து டேனரியில் தோல் காயவைக்கும் சட்டத்தில் நாலு பக்கமும் கிளிப் போட்டு விறைப்பாக இழுத்து மாட்டியிருக்கிறார்.

"சுருக்கம் வராம இருக்கட்டும்னுதான்."

காய்ந்ததும் பேட்டரி மாட்டினேன். முதுகு சூடு, வலது கை ஜில். கம்பி அறுந்துவிட்டது.

"இது இன்னா ஆட்டுத்தோலா பாய்?"

"வெலய கேட்டா ஒட்டகத் தோல் மாரி இருக்கு."

மீதி இருபத்தொன்று.

அக்டோபர் 8, புதன்

மழை. மாடி உதவாது. டேனரி ஷெட்டில் கொடி கட்டி அத்தனையும் மாட்டியாயிற்று. நல்ல காற்று.

என் மனைவி கலா சொன்னாள்: "எங்கம்மா வூட்டு மாடில போடலாமே. ஆலங்காயத்துல மழையே இல்லியாம்."

மலையடிவார ஊராம், ஜாக்கெட்டுக்கு மலைக்காற்று! கல்யாணமான புதிதில் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்தியவள்தானே. ஆலங்காயத்துக்காரர்களுக்கே மூக்கு ஜாஸ்தி.

அக்டோபர் 9, வியாழன்

சோடாவை உதறினோம். நான், பாய், எட்டு டெய்லர்கள், பத்துப் பேரும் முகர்ந்தோம். துளி வாடை இல்லை. பாய் அத்தர் புட்டியைத் திறந்தார். பிடுங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பெங்களூர்காரர் வந்தார். வெள்ளை ஷூ. காரிலிருந்து இறங்கும்போதே மூக்கில் கைக்குட்டை. சீசன் பூராவும் அந்த நாற்றத்தை வாடகைக்கு விட்ட மனுஷன்.

அறுந்த கம்பியை நானே சொன்னேன். பரவாயில்லை என்றார். ஜாக்கெட்டில் முகம் புதைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது.

"வேர்வை ஸ்மெல் சுத்தமா போயிடுச்சு சார்."

பாய் எனக்குக் கண்ணடித்தார்.

"ஆனா டேனரி ஸ்மெல் வருது."

"எதுல?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எல்லாத்துலயும்."

திங்கட்கிழமை மறுபடி வருவாராம். அதுதான் கடைசி.

வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கலாவிடம் நீட்டினேன். அவள் மூக்கை நம்பித்தான். முகர்ந்தாள். இன்னொரு தரம். உதட்டைப் பிதுக்கினாள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலீங்க. பத்தொம்போது வருஷமாச்சு. என் மூக்கும் ஆம்பூர் மூக்கு ஆய்ட்ச்சி."

கோபமாகச் சொன்னாளா, சிரித்தாளா, தெரியவில்லை. உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆலங்காயம். வெயில். நேற்றே எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து மறுபடி அலசியாயிற்று. மாமியார் வீட்டு மாடி, ஓலைப் பந்தல் நிழல். மச்சினி சுமதி பள்ளிக்கூட டீச்சர். ஒவ்வொன்றாக முகர்ந்து "பாஸ், பாஸ்" என்று பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாள். என்ன அதிகாரம்! பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு பாஸ்.

பதினெட்டாவதில் நின்றாள். மறுபடி முகர்ந்தாள். தள்ளிப் பிடித்து முகர்ந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"இது ஜாக்கெட் இல்ல. மாமா, நீங்க கொஞ்சம் கீழ போய் நில்லுங்க."

கலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தெருவில் நின்று எழுதுகிறேன். மேலே "பாஸ்" என்று சத்தம். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.

சட்டைக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்தேன். காலையில் போட்ட சலவைச் சட்டை. ஒன்றும் தெரியவில்லை.